உறைதலும் மீளுதலும்

1988-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பாரிஸ் நகரத்துச் சேன் லூயி மருத்துவமனையில், அமெரிக்காவிலிருந்து அழைத்து வரப்பட்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தக்குழாயில், அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் தொப்புள்கொடியிலிருந்து பிரசவ சமயத்தில் சேகரித்த ரத்தத்தை எலியான் குளூக்மான் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் செலுத்தினார்கள். எலும்பு மஜ்ஜை சிறுகச் சிறுகச் செயலிழந்துபோகும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் அச்சிறுவனைப் பீடித்திருந்தது. தங்கையோ அந்நோய் தீண்டாதவள் என்பதும், அவளுடைய திசு அண்ணனுடையதோடு பொருந்துவது என்பதும் முன்கூட்டியே பரிசோதித்து அறியப்பட்டிருந்தன. பிரசவம் ஆனவுடன் எறிந்துவிட வேண்டிய பொருளாகவே அதுகாறும் கருதப்பட்டு வந்த கொடியின் ரத்தம் ஓர் உயிரைக் காத்தபடியால், தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டு உலகில் செய்யப்பெற்ற முதல் மாற்றுச் சிகிச்சை என்று அந்நிகழ்ச்சி மருத்துவ சரித்திரத்தில் இடம் பெற்றது.

ஆனால் அந்த ரத்தம் பாரிஸில் எடுத்ததன்று. அமெரிக்காவில் சேகரிக்கப்பெற்று, இண்டியானாபொலிஸ் நகரில் ஹால் பிராக்ஸ்மெயர் என்பாரின் ஆராய்ச்சிக்கூடத்தில் உறையவைக்கப்பெற்று, மாதக்கணக்கில் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் கிடந்து, பின்னர் குளிர்க்கலத்தில் வைத்து விமான மார்க்கமாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்தது. அம்மாதங்களில் அதிலிருந்த உயிரணுக்கள் சுவாசிக்கவில்லை, உணவு கொள்ளவில்லை, இரண்டாகப் பிரியவுமில்லை. உயிருள்ளவை என்று சொல்லத்தக்க அடையாளம் ஒன்றேனும் அவற்றிடத்தில் இல்லை. அப்படிக் கிடந்தவை, உருக்கப்பட்ட பின் ஒரு சிறுவனின் உடலுக்குள் புகுந்து, எலும்புகளின் உட்புறத்தை நாடிச் சென்று குடியேறி, அவனுக்கு வேண்டிய ரத்தத்தை உற்பத்தி செய்யத் தலைப்பட்டன. சிகிச்சையை உலகம் கொண்டாடியது நியாயமே. அதைச் சாத்தியமாக்கிய, காத்து வைக்கும் வித்தையைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

தன்னைப் போன்ற அணுக்களை ஓயாமல் பெருக்கவும், வேறு வேறு தொழில்களுக்குரிய அணுக்களாக மாறவும் வல்லமை படைத்த ஸ்டெம் செல் என்பது வெறும் ஊகமன்று, எண்ணிக் காட்டத்தக்க உண்மை என்பதை 1961-இல் டொராண்டோ நகரத்து ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்குல்லக் என்னும் இருவர் சுண்டெலிகளைக் கொண்டு நிரூபித்தார்கள். அன்று முதல் அச்செல்களைத் தேடுவதும் பிரிப்பதும் வளர்ப்பதும் பெரும் சாஸ்திரமாகவே வளர்ந்துவிட்டன. ஆயினும் உடலை விட்டு வெளியே வந்த மஜ்ஜையோ ரத்தமோ, சாதாரணக் குளிர்பெட்டியின் 4 டிகிரி குளிரில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்குவதில்லை. கொடையாளர் ஒரு தேசத்திலும் நோயாளி வேறொரு தேசத்திலும் இருப்பர். கொடுப்பவர் தயாராகும் நாளும் ஏற்பவர் தயாராகும் நாளும் ஒன்றாய் அமைவது அபூர்வம். புற்றுநோயாளிகளிலோ, கடும் மருந்து மஜ்ஜையை அழிப்பதற்கு முன்னரே அவர்களுடைய சொந்த அணுக்களை எடுத்து வைத்து, மருந்தின் வேகம் அடங்கிய பின் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கிறது. 2020-இல் கொரோனாத் தொற்று விமானங்களை நிறுத்தியபோது, அமெரிக்காவின் தேசிய மஜ்ஜைக் கொடை அமைப்பு, கொடையாளரிடமிருந்து பெறும் அணுக்களை முன்கூட்டியே தருவித்து உறையவைத்துக்கொண்ட பிறகே நோயாளிக்குரிய மருந்தைத் தொடங்க வேண்டும் என்று விதித்ததும் இந்த நெருக்கடியினாலேதான். ஆகவே, காத்துவைத்தல் என்பது சிகிச்சைக்கு வெளியே நிற்கும் கிடங்கு வேலையன்று. சிகிச்சையின் பாதி என்றே சொல்லலாம்.

சீட்டு மாறிய சீசா

குளிர் உயிரை நிறுத்திவைக்குமோ என்ற கேள்வி பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் காலத்திலேயே எழுந்ததுதான். 1883-இல் கிராக்கோ நகரில் நைட்ரஜனைத் திரவமாக்கினார்கள். 1892-இல் ஜேம்ஸ் டூவர் வெற்றிடச் சுவருள்ள குடுவையை அமைத்து, அத்தகைய திரவங்களைச் சேமித்து வைக்க வழி செய்தார். கத்தோலிக்கப் பாதிரியாரும் உயிரியல் ஆராய்ச்சியாளருமான பசீல் லூயே, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அமர்ந்து, நீரைப் படிகமாக உறையவிடாமல் கண்ணாடி போல் இறுகச் செய்துவிட்டால் உயிர் தப்பும் என்று 1930-களிலும் 40-களிலும் விடாது வாதித்து வந்தார். கருத்து சரியானதே, காரியத்தில் நிறைவேற்ற அன்று உபாயம் இருக்கவில்லை.

உபாயம் கிடைத்தது லண்டனை அடுத்த மில் ஹில் என்னுமிடத்து தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில். அதுவும் கைப்பிசகினால் கிடைத்தது. கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் என்னும் மூவர், லூயேயின் வழியைப் பின்பற்றிச் சேவலின் விந்தணுக்களைப் பழச்சர்க்கரைக் கரைசலில் கலந்து உறையவைத்துப் பார்த்து, பலன் காணாமல் வேலையை நிறுத்தி வைத்தார்கள். சில மாதங்கள் கழித்துக் குளிரறையில் மிஞ்சியிருந்த கரைசலை எடுத்து மறுபடி முயன்றபோது, மைனஸ் 79 டிகிரியிலிருந்து மீண்ட அணுக்கள் துள்ளி நீந்துவதைக் கண்டு திகைத்தார்கள். புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துச் செய்தால் பழையபடி தோல்வி. சீசாவில் இருந்ததைக் கொண்டு செய்தால் வெற்றி. எஞ்சிய சிறிதளவைப் பகுத்தாய்வுக்கு அனுப்பினார்கள். அதில் சர்க்கரையே இல்லை; கிளிசராலும் ஒருவகைப் புரதமும் இருந்தன. நுண்ணோக்கிக் கண்ணாடியில் திசுச் சீவல்களை ஒட்டுவதற்காக வைத்திருந்த கலவையின் சீசாவுக்கும் சர்க்கரைச் சீசாவுக்கும் சீட்டு மாறிப்போயிருந்தது! 1949-இல் 'நேச்சர்' இதழில் வெளியான அந்தச் சிறு கட்டுரையிலிருந்துதான் இன்றைய விந்து வங்கி, கரு வங்கி, ஸ்டெம் செல் வங்கி யாவும் கிளைத்தன. விஞ்ஞானத்தில் தற்செயலுக்குரிய மகிமையைப் பாடுவோர் இக்கதையை அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. எனக்கு அதைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றுவது, வெற்றி கிட்டியவுடன் அதைப் பிரசுரிக்க ஓடாமல், ஏன் கிட்டியது என்று சீசாவைச் சோதிக்கச் செய்த அவர்களுடைய நிதானமே.

அதன் பின் காரியங்கள் விரைந்தன. அடுத்த ஆண்டே ஆட்ரி ஸ்மித் சிவப்பணுக்களை அம்முறையில் காத்துக் காட்டினார். 1955-இல் பார்ன்ஸ், லௌட்டிட் என்பவர்கள், கிளிசராலில் உறையவைத்து உருக்கிய திசுவைக் கொண்டு, கதிர்வீச்சினால் மரணத்தின் விளிம்புக்குச் சென்ற சுண்டெலிகளைப் பிழைக்கச் செய்தார்கள். மில் ஹில் நிலையத்திலேயே பணியாற்றிய ஜேம்ஸ் லவ்லாக் (பூமி முழுவதையும் ஒரே உயிராகக் கருதும் கயா சித்தாந்தத்தால் பிற்காலத்தில் கீர்த்தி பெற்றவர் இவரே) உறைதல் அணுவை எவ்வாறு கொல்கிறது என்ற கேள்வியைக் கையிலெடுத்தார். 1959-இல் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற திரவம் கிளிசராலைவிட வேகமாக அணுவுக்குள் புகுந்து அதைக் காக்கிறது என்பதைக் கண்டறிந்து சொன்னவரும் அவரே. காகிதத் தொழிலில் மரக்கூழைப் பதப்படுத்தும்போது பக்கவிளைவாகக் கிடைக்கும் பொருள் அது. இன்றளவும் உலகெங்கும் ஸ்டெம் செல் பைகளில் பெரும்பாலானவற்றில் பத்து விழுக்காடு அளவில் கலந்திருப்பது அதுதான்.

இருமுறை கடக்க வேண்டிய வழி

உறைதலால் சாவு எப்படி நேர்கிறது? நீர் பனியாகும்போது பருத்து, கூரிய படிகங்களால் அணுவைக் குத்திக் கிழித்துவிடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மையில் ஒரு பகுதியே. பனிப்படிகம் தன்னுள் உப்பை ஏற்பதில்லை. ஆதலால், அணுக்களைச் சூழ்ந்துள்ள உப்புநீரில் முதலிற் படிகம் கட்டியவுடன், கட்டாமல் மிஞ்சிய நீரில் உப்பு முழுவதும் ஒதுங்கிச் செறிகிறது. மைனஸ் 10 டிகிரியை எட்டும்போது, உடல்நீரை ஒத்த உப்புக்கரைசலில் உறையாத பகுதியின் உப்புச்செறிவு பதினைந்து மடங்குக்கும் மேல் ஏறிவிடுகிறது. வெளியே உப்பு மிக, உள்ளிருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியேற, அணு வற்றிச் சுருங்குகிறது. அச்செறிந்த உப்பில் நெடுநேரம் ஊறினால் சவ்வும் புரதங்களும் கெடுகின்றன. இது மெல்லக் குளிரவைப்பதால் வரும் சாவு. சரி, விரைவாகக் குளிரவைக்கலாமே என்றால், வெளியேற அவகாசம் இல்லாத நீர் உள்ளேயே படிகம் கட்டிவிடுகிறது. இது அவசரத்தால் வரும் சாவு.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் மேஸர் என்பவர் 1963 முதல் இவ்விரண்டையும் கணிதமாக்கி, ஒவ்வொரு வகை அணுவுக்கும் அதனதன் சவ்வு எவ்வளவு வேகமாக நீரை விடுகிறதோ அதற்கேற்ற ஒரு குளிர்விக்கும் வேகம் உண்டு என்பதை நிலைநாட்டினார். சிவப்பணு, சவ்வின் வழியே நீரைச் சடுதியில் விட்டுவிடுவதால், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தைத் தாங்கும். மஜ்ஜையின் ஸ்டெம் செல்லுக்கோ நிமிஷத்துக்கு 1 அல்லது 2 டிகிரிக்கு மேல் ஆகாது. ஆராய்ச்சிக்கூடங்களில் கணினி கட்டுப்படுத்தும் உறைபெட்டி நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்குவதற்கு மூலம் இந்தக் கணக்கே.

மேஸர் சொன்னவற்றுள் பிரதானமானது இன்னொன்று. மைனஸ் 130 டிகிரிக்கு வெகு கீழே சென்றுவிட்டால், உயிரணுவுக்குள் எந்த மூலக்கூறும் இடம்பெயர இயலாது. ரசாயன மாற்றம் எதுவும் நிகழாது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனில் கிடக்கும் அணுவுக்குக் காலம் என்பதே கிடையாது. இயற்கைக் கதிரியக்கம் சிறுகச் சிறுகச் செய்யும் சேதம் ஒன்றுதான் மிச்சம். அது அணுவைக் கொல்லும் அளவுக்குச் சேர்வதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளேனும் ஆகும். ஆகவே அபாயம் சேமிப்பின் நீளத்தில் இல்லை. சுமார் மைனஸ் 15 முதல் மைனஸ் 60 டிகிரி வரை பரந்திருக்கும் இடைப்பகுதியில் இருக்கிறது; அதை உயிரணு உள்ளே போகும்போது ஒரு தடவையும், வெளியே வரும்போது ஒரு தடவையுமாக இருமுறை கடந்தாக வேண்டும். கொல்வது உறங்கும் வருஷங்கள் அல்ல. போகவும் மீளவும் ஆகும் நிமிஷங்களே.

இதை மனத்தில் இருத்திக்கொண்டால், தொப்புள்கொடி ரத்த வங்கிகளின் விளம்பரங்களைப் படிக்கும் முறையே மாறிவிடும். இருபது ஆண்டு, எழுபத்தைந்து ஆண்டு என்று வங்கிகள் காலத்தைக் காட்டி வாக்களிக்கின்றன. பிராக்ஸ்மெயரே தாம் உறையவைத்த பைகளைப் பதினைந்து ஆண்டு கழித்தும், பின்னர் இருபத்துமூன்று ஆண்டுக்கு மேல் கழித்தும் உருக்கிப் பார்த்து, அணுக்கள் தம் ஆற்றலை இழக்கவில்லை என்று 2003-லும் 2011-லும் எழுதினார். ஆகையால் அவ்வாக்கில் பொய்யில்லை. ஆனால் எளிதில் நிறைவேறுவதையே வாக்களிக்கிறார்கள். எடுத்த ரத்தம் எத்தனை மணி நேரத்தில் உறைபெட்டியை அடைந்தது, அணுக்கள் எத்தனை, உருக்கும்போது யார் எப்படி உருக்கப் போகிறார்கள் என்பவற்றைக் கேட்கும் பெற்றோர் அரியர். அன்றியும், தாலசீமியா போன்ற பரம்பரை நோயோடு பிறந்த குழந்தைக்கு அதனுடைய சொந்தக் கொடி ரத்தம் உதவாது. கோளாறான மரபணு அதிலும் இருக்கிறதே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர, கொடியின் திசு, நஞ்சு, பல் முதலியவற்றிலிருந்து அணுக்களை எடுத்து வணிகரீதியில் சேமிக்க இடந்தரவில்லை. 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தாலசீமியாக் குழந்தைகள் பிழைத்து எழுந்தது, பெரும்பாலும் பொருந்தக்கூடிய உடன்பிறந்தாரின் மஜ்ஜையினாலேயே ஆகும்.

கலமும் நஞ்சும்

காலம் தீங்கு செய்யாது என்றால், கலம் தீங்கு செய்யாது என்று பொருளாகாது. 2018 மார்ச் 4-ஆம் நாள், அமெரிக்காவில் ஓஹியோவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இருந்த இரண்டு கருத்தரிப்பு நிலையங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், நைட்ரஜன் கலங்கள் ஒரே நாளில் பழுதாயின. ஓஹியோவில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் கெட்டன. அதற்கு முன், 1995-இல், 'லான்செட்' இதழில் வெளிவந்த ஓர் அறிக்கை இன்னும் விபரீதமானது. ஒரே நைட்ரஜன் தொட்டியில் கிடந்த மஜ்ஜைப் பைகளில் ஒன்றிலிருந்து கசிந்த மஞ்சட்காமாலைக் கிருமி, திரவத்தின் வழியே மற்றப் பைகளை அடைந்து, வேறு நோயாளிகளைப் பற்றியது. அதனால்தான் இன்று பைகளைத் திரவத்தில் அமிழ்த்தாமல், அதன் மேலே மைனஸ் 150 டிகிரிக்குக் கீழே நிற்கும் ஆவியில் வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது.

காக்கும் மருந்தும் சாமானியமானதன்று. டைமெத்தில் சல்ஃபாக்சைடு அணுவுக்குள் புகுந்து நீரோடு பிணைந்து படிகம் கட்டுவதைக் குறைக்கிறது. ஆனால் உடல் வெப்பத்தில் அதுவே அணுவுக்கு நஞ்சு. ஆகையால் குளிர்ந்த நிலையிலேயே அதைக் கலக்க வேண்டும். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் பை உருகியவுடன் நோயாளிக்கு விரைவில் செலுத்திவிட வேண்டும். அப்படிச் செலுத்தும் வார்டில் நுழைபவர்கள் பூண்டு வாடையை உணர்வார்கள். அம்மருந்து உடலில் சிதைந்து மூச்சின் வழியே வெளியேறும் மணம் அது. குமட்டல், ரத்த அழுத்தத்தில் ஏற்றத்தாழ்வு, சிற்சில சமயங்களில் அதைவிடக் கடுமையான உபத்திரவங்களும் நேர்வதுண்டு. கழுவி நீக்கினால் அணுக்கள் நஷ்டமாகின்றன; நீக்காவிடில் நோயாளி அவதிப்படுகிறார்.

மனிதக் கருவிலிருந்து 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்த செல்களும், 2007-இல் ஷின்யா யாமனாக்கா மனிதத் தோல் அணுவைப் பின்னோக்கித் திருப்பி ஆக்கிய ஐபிஎஸ் செல்களும் வந்த பின் தொல்லை இன்னும் வளர்ந்தது. மஜ்ஜையின் அணுக்கள் தனித்தனியே மிதக்கும் சுபாவமுடையவை. இவையோ கூட்டமாய் ஒட்டிக்கொண்டே வாழ்பவை. தனியே பிரித்தால், உறைதலால் சாவதற்கு முன், பிரிவினாலேயே தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன. 2007-இல் கோபேயின் ரிக்கென் நிலையத்தில் யோஷிக்கி சசாய் குழுவினர், ரோ கைனேஸ் என்னும் நொதியைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சேர்த்தால் அத்தற்கொலை பெருமளவு நின்றுவிடுகிறது என்று காட்டியது, இத்துறையில் பலருக்குப் பெருமூச்சு விட வழி செய்தது.

மீனும் பிசினும்

நீரைப் படிகம் கட்டாமல் தடுக்கும் பொருளை அணுவுக்குள் திணிக்காமல், வெளியே நிறுத்தியே காரியத்தைச் சாதிக்க முடியுமா? இந்தக் கேள்வியில்தான் உயிரணுவோடு ஒத்துப்போகும் புதுப்பொருள்களின் ஆராய்ச்சி வந்து சேருகிறது. அதற்கு வழிகாட்டியவை தென்துருவக் கடலின் மீன்கள். அக்கடலின் நீர், உப்பினால், மைனஸ் 1.9 டிகிரியிலும் உறையாமல் நிற்கிறது; சாதாரண மீனின் ரத்தமோ அதற்கு முன்னரே உறைந்துவிடும். 1960-களில் மக்மர்டோ முகாமில் அம்மீன்களைப் பிடித்து ஆராய்ந்த ஆர்தர் டிவிரீஸ், அவற்றின் ரத்தத்திலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் புரதம், பிறக்கும் பனிப்படிகத்தின் முகங்களில் ஒட்டிக்கொண்டு அது வளரவிடாமல் செய்கிறது என்று கண்டார். அப்புரதத்தையே மனித அணுக்களோடு கலந்து உறையவைத்தால் என்ன? செய்து பார்த்தார்கள். அது படிகத்தை ஊசி வடிவில் வளரச் செய்து, அணுக்களையே குத்திவிடவும் கூடும் என்று தெரியவந்தது. இயற்கையின் உபாயத்தை அப்படியே கடன் வாங்குதல் எப்போதும் பலிப்பதில்லை.

எனவே, மீனின் புரதத்தை விட்டு, அதன் குணத்தை மட்டும் பிரதி செய்யும் செயற்கைப் பாலிமர்களைத் தேடினார்கள். இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகத்து மாத்யூ கிப்சன், பசை தயாரிக்கப் பயன்படும் பாலிவினைல் ஆல்கஹால் மிகச் சிறு அளவிலேயே பனிப்படிகங்கள் திரண்டு பெருப்பதைத் தடுக்கிறது என்பதைப் பயன்படுத்தினார். இங்கே கவனிக்கத்தக்கது என்னவெனில், இத்தடை பெரும்பாலும் உருக்கும் வேளையில்தான் உதவுகிறது. மெல்ல வெப்பமேறும்போது சிறு படிகங்கள் கரைந்து பெரியவற்றோடு சேரும் அந்த அபாயகரமான நிமிஷங்களில். மேஸர் சுட்டிக்காட்டிய இருவழிப் பயணத்தில் மீளும் வழியைப் பற்றி நெடுங்காலம் எவரும் அதிகம் கவலைப்படவில்லை என்பதை இப்பாலிமர்கள் நினைவூட்டின.

ஜப்பானில் கஸுவாக்கி மட்சுமுராவும் சுவோங் ஹியு ஹியோனும் 2009-இல் வெளியிட்டது அதைவிட ரசமான சங்கதி. பாலிலைசின் என்பது, நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து, ஜப்பானியர் உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள். அதன் மேலிருக்கும் நேர்மின் குணமுள்ள தொகுதிகளில் ஒரு பங்கை ரசாயன மாற்றத்தால் எதிர்மின் குணமுள்ளவையாக்கி, இருகுணமும் ஒருங்கே கொண்ட பாலிமராக்கினால், அது டைமெத்தில் சல்ஃபாக்சைடின் துணையோ சீரத்தின் துணையோ இல்லாமலே அணுக்களைக் காக்கிறது. அணுவுக்குள் அது புகுவதில்லை. புறத்தே நின்று, சவ்வை அண்டியிருக்கும் உப்பையும் நீரையும் மட்டுப்படுத்துகிறது. மனித மஜ்ஜையிலிருந்து வளர்த்த, மெசென்கைமல் செல் எனப்படும் ஒருவகை ஸ்டெம் செல்களையும் அவ்வாறே இரண்டு ஆண்டுக்காலம் வைத்துக் காட்டினார்கள். இன்று அங்கே அது விலைக்கே கிடைக்கிறது. ஆனாலும் மருத்துவமனைகள் பழைய திரவத்தை இன்னும் விடவில்லை. ஐம்பதாண்டு அனுபவம் அதன் பக்கம் இருக்கிறது, அதன் தீமைகள் எல்லாம் தெரிந்த தீமைகள். புதியதன் தீமை எதுவென்று தெரிய ஒரு தலைமுறை தேவைப்படலாம். இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

லூயே பாதிரியார் கண்ட கனவும் ஒருவகையில் நிறைவேறியிருக்கிறது. ஒரே சர்க்கரைப் பாகு, ஆற அமர விட்டால் கற்கண்டாய்ப் படிகம் கட்டுகிறது. சடுதியில் ஆறினால் கண்ணாடி மிட்டாயாய் இறுகுகிறது. காக்கும் மருந்தின் செறிவை மிக உயர்த்தி, நுண்ணிய குழலில் வைத்துத் திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்தினால் நீரும் அவ்வாறே படிகமின்றி இறுகும். 2001-இல் ரூபினாஃப் குழுவினர் மனிதக் கரு ஸ்டெம் செல்களை இம்முறையில் காத்துக் காட்டினார்கள். ஆனால் குழல் நுண்ணியதாயிருக்கும் வரையில்தான் அது சாத்தியம். பெரிய பையை அவ்வளவு விரைவாகக் குளிர்விக்கவோ வெதுவெதுப்பாக்கவோ முடியாது. செறிந்த மருந்தின் நஞ்சும் கூடவே வந்துவிடுகிறது.

கடற்பாசியின் கூழ்

இவை எல்லாம் குளிரின் வழியே செல்லும் முறைகள். மேஸர் சுட்டிய அந்த இடைப்பகுதியையே தவிர்த்துவிட்டால் என்ன? பழுப்புக் கடற்பாசிகளின் உடலில் அல்ஜினேட் என்னும் பிசின் உண்டு. 1881-இல் எட்வர்டு ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய ரசாயனர் அதைப் பிரித்தெடுத்தார். நம் மன்னார் வளைகுடாக் கரையில், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுத்து வரும் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவை ஆலைகளுக்குச் சென்று, துணிக்குச் சாயம் அச்சிடும் பசையாகவும் உணவைக் கெட்டிப்படுத்தும் பொருளாகவும் உருமாறுகின்றன. மருத்துவத்துக்கு ஆகும் அல்ஜினேட் இன்னும் பன்மடங்கு சுத்தி செய்யப்பெற வேண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பிசினின் அதிசயம் இது: அதன் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சுண்ணச்சத்துள்ள நீரில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் கணத்தில் மெத்தென்ற மணியாகக் கெட்டியாகிவிடும், சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் சுண்ணச்சத்து விலகி மீண்டும் திரவமாகிவிடும். சூடு வேண்டாம், கடுமையான ரசாயனமும் வேண்டாம். உயிரணுவைக் கலந்தே கெட்டியாக்கலாம், உயிரணுவுக்கு நோகாமலே கரைக்கலாம். 1980-இல் ஃபிராங்க்ளின் லிம், அந்தோணி சன் என்னும் இருவர் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை இத்தகைய மணிகளுக்குள் அடைத்து, நீரிழிவு நோயுள்ள எலிகளுக்குள் வைத்தார்கள். இரண்டு மூன்று வாரங்கள் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. அங்கே மணி, உடலின் எதிர்ப்பிலிருந்து அணுவைக் காக்கும் அரண்.

அந்த அரணையே பயணத்துக்கான வாகனமாக மாற்றியவர் சே கானன். முதலில் ரெடிங்கிலும் பின்னர் நியூகாசில் பல்கலைக்கழகத்திலும் அவருடைய குழுவினர், கொழுப்புத் திசுவிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் எடுத்த மனித ஸ்டெம் செல்களை அல்ஜினேட் கூழில் அடைத்து, உறையவைக்காமல், பல்வேறு வெப்பநிலைகளில் நாட்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். சாதாரணக் குளிர்பெட்டியின் 4 டிகிரியே சிறந்ததாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். உண்மையில் சிறந்தது 15 டிகிரி அளவு. ஊட்டிக் காலைப்பொழுதின் குளிர் அது. அதைவிடக் குளிர்ந்தால் அணுவின் சவ்வு விறைத்துக் கெடுகிறது; அதைவிடச் சூடேறினால் அணு பசியெடுத்து, கொடுக்க உணவின்றி மடிகிறது. கூழ் அணுவைத் தாங்கிப் பிடித்து, பயண ஆட்டத்திலிருந்தும், சவ்வு உப்பி வெடிப்பதிலிருந்தும் காக்கிறது என்று கருதுகிறார்கள். முறையை வணிகத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு ஸ்தாபனமும் தோன்றியிருக்கிறது. ஒன்றை மறந்துவிடலாகாது: இது நாட்களுக்கான உபாயம், வருஷங்களுக்கானதன்று. கூழில் அடைபட்ட அணுவுக்குக் காலம் நின்றுவிடவில்லை. மெதுவாக ஓடுகிறது, அவ்வளவே.

அதே கூழைக் குளிரின் வழிக்கும் துணைக்கழைத்தவர் உண்டு. அல்ஜினேட் மணிக்குள் அடைத்த செல்களைக் கண்ணாடி போல் இறுகச் செய்யும்போது, மருந்தின் செறிவைக் குறைத்தாலும் வெதுவெதுப்பாகும் வேளையில் படிகம் பிறப்பதைக் கூழ் தடுக்கிறது என்று 2015-இல் ஷியாவ்மிங் ஹெ குழுவினர் அமெரிக்காவில் காட்டினார்கள்.

உலர்த்தி வைத்தல் என்ற மூன்றாவது வழியும் உண்டு. உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் இறாலினத்தின் முட்டைக்கூடு வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் உயிர்க்கிறது. அதற்குள் நிறைந்திருக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை அதற்கு ஒரு முக்கியக் காரணம். மனித அணுவின் சவ்வு அச்சர்க்கரையை உள்ளே விடுவதில்லை. 2000-இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர், பாக்டீரியாவின் துளையிடும் புரதத்தைத் திறக்கவும் மூடவும் கூடிய வாயிலாக மாற்றி அதன் வழியே சர்க்கரையைப் புகுத்தி, உறைதலிலிருந்து அணுக்களைத் தப்பவைத்தார்கள். உலர்ந்த பொடியாய் அலமாரியில் வைத்திருந்து, வேண்டும்போது நீர் விட்டு எழுப்பும் நாள் மனித ஸ்டெம் செல்லுக்கு இன்னும் வரவில்லை.

உயிரும் ஆற்றலும்

இத்தனை முறைகளையும் ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும் அளவுகோல் மிகப் பழையது. ட்ரிபான் நீலம் என்ற சாயத்தைக் கலந்தால், சவ்வு கெட்ட அணு நீலமாகிறது. கெடாதது நிறமற்று நிற்கிறது. நிறமற்றவற்றை எண்ணி, நூற்றுக்கு இத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எழுதிவிடுகிறார்கள். உருக்கிய அரை மணியில் தொண்ணூறு என்று காட்டும் கணக்கு, மறுநாள் வெகுவாகக் குறைந்துவிடுவதுண்டு. உறைதலின் அடியைத் தாங்கி உயிரோடிருப்பதாகத் தோன்றிய அணுக்களில் பல, பிற்பாடு தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன என்று ஜான் பாஸ்ட் முதலியோர் எச்சரித்து வந்திருக்கிறார்கள். பிழைத்தவையும் தமக்குரிய தொழிலைச் செய்கின்றனவா என்பது தனிக் கேள்வி.

2012-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஜாக் கலிபோவின் குழுவினர் மெசென்கைமல் செல்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி, இத்துறையில் இன்றும் ஓயாத விவாதத்தைக் கிளப்பியது. உடலின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறிப் போகும்போது அதை அடக்குவதற்காகவே அச்செல்களைச் செலுத்துகிறார்கள். உறைநிலையிலிருந்து அப்போதுதான் எடுத்தவற்றில் அந்த அடக்கும் ஆற்றல் குன்றியிருந்தது, ஒரு நாள் வளர்ப்புத் திரவத்தில் இளைப்பாற விட்டால் திரும்பி வந்தது. மறுபுறம், 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் கொடிய சிக்கலால் அவதிப்படும் குழந்தைகளுக்காக, உறைந்து வந்து உருகியவுடன் செலுத்தப்படும் மெசென்கைமல் செல் மருந்து ஒன்றுக்கு அனுமதி அளித்தது. அந்நாட்டில் அவ்வகையில் அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஆக, உறைந்த செல் பயனற்றது என்று எவரும் சொல்ல முடியாது. இளைப்பாறிய செல் இன்னும் நன்றாய் வேலை செய்திருக்குமோ என்று கேட்காமலிருக்கவும் முடியாது.

இளைப்பாறுவதற்கு ஒரு நாள் வேண்டுமென்றால், அதற்குச் சுத்த அறையும் வளர்ப்புப் பெட்டியும் பழகிய ஆளும் வேண்டும். மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனைகளில் இவற்றை எதிர்பார்ப்பதற்கில்லை. நைட்ரஜன் கலத்தை வாராவாரம் நிரப்புவதே பல ஊர்களில் பெரும்பாடு. கூழின் முறையையும் குளிரின் முறையையும் போட்டியாளர்களாக நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். வருஷக்கணக்கான சேமிப்பு, வசதியுள்ள மையக் கூடத்தில் நைட்ரஜனிலேயே நடக்கட்டும். உருக்குவதையும், ஒரு நாள் இளைப்பாற விடுவதையும், மறுநாள் ஆற்றலைச் சோதிப்பதையும் அங்கேயே பழகிய கைகள் செய்து முடிக்கட்டும். பின்னர் அல்ஜினேட் மணிகளில் அடைத்து 15 டிகிரியில் அனுப்பினால், ஏற்கும் மருத்துவமனைக்குச் சிட்ரேட் கரைசலும் ஒரு மணி நேரமும் போதுமானவையாகலாம். எந்தச் சோதனையைக் கொண்டு அவ்வணுக்களை ஏற்பது, எத்தனை நாளுக்குள் ஏற்பது என்பவற்றை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வரையறுத்துத் தர வேண்டியிருக்கும். நீலம் ஏறாத அணுக்களை எண்ணிச் சொல்லும் கணக்கு அதற்குப் போதாது.